சேமித்தவர் ஏமாளியா?

2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் சேமித்தவர் ஏமாந்தார், லீசிங்கில் வாகனம் எடுத்து அனுபவித்தவர் தப்பினார் என்று வாதிடுகிறார்கள். பாதிதான் உண்மை. அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். வங்கியில் கிடந்த காசு கரைந்தது, மறுக்கவில்லை.

ஆனால் நம் கிழக்குக் கரையின் சவளக்கடை வயல் வட்டைப் பக்கம் வந்து அதைச் சொல்லுங்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு தடுத்தது. அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. பிறகு டீசல் இல்லை. வாகனம் முற்றத்தில் நின்றது, தவணை நிற்கவில்லை. தவணை கட்டச் சலுகைக் காலம் கிடைத்தவருக்கும் கடன் தள்ளித்தான் போனது, அழியவில்லை. அந்த மாதங்களில் அடுப்பெரிய வைத்தது சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய நெல் மூடையும், அதுவரை அடகுக்குப் போகாத நகையும், கடனில்லாத காணியும். சேமிப்பென்றால் வங்கிப் புத்தகம் மட்டுமென்று யார் சொன்னது?

சேமிப்பது ஏமாளித்தனம், கையில் உள்ளதைச் செலவழி என்ற இந்த வாதம் அதிகம் வதைப்பது பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களை. நம் கரையில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அந்த வீட்டுக்காக வாப்பாமார் வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் வெயில் குடிக்கிறார்கள். இரண்டு அறையும் குசினியும் குடியிருக்கப் போதும். அதற்கு மேல்மாடி, டைல்ஸ், ஊரே மெச்சும் விருந்து என்று கேட்பவர்கள், அந்த வாப்பாவின் மருந்துச் செலவுக்கு மிச்சம் வைக்கிறார்களா? எளிமையாகக் கல்யாணம் முடிக்கும் குடும்பத்தைக் கஞ்சர் என்று பேசுவதை முதலில் நிறுத்துங்கள்.