கண்மலர் கண் கொடுக்குமா?

கண் தெரியாமல் பிறந்த குழந்தையைக் கன்னிவாடியில் கண்டாலும் காசியில் கண்டாலும் நம் வைதீகர்கள் சொல்லுவது ஒன்றே: "பூர்வ ஜென்ம பாவம்." பெற்றோரும் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்திவிட்டுக் காத்திருக்கின்றார்கள்.

கையால் தடவியே உருண்டையையும் சதுரக்கட்டியையும் அறிந்த ஒருவர், பார்வை வந்தவுடன் கண்ணால் மட்டும் அவற்றைப் பிரித்தறிவாரா என்று 1688-ல் மாலினியூ என்ற அயர்லாந்துக்காரர் கேட்டார். இதற்குச் சாஸ்திரம் பதில் சொல்லவில்லை, சோதனைதான் சொல்லிற்று. பவன் சின்ஹா என்ற விஞ்ஞானி தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில் சிகிச்சை பெற்ற, 8 முதல் 17 வயதுள்ள 5 பிள்ளைகளைச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தொட்டறிந்த பொருளை அவர்களால் முதலில் கண்ணால் அடையாளங்காண முடியவில்லை. சில நாட்களில் கற்றுக்கொண்டார்கள்.

இதன் அர்த்தமென்ன? பார்ப்பது கண் மட்டுமல்ல, மூளை. அதுவும் பழகியே பார்க்கின்றது. பார்வையற்றோர் விரலால் பிரெயில் எழுத்தைப் படிக்கும்போது, பார்வைக்குரிய மூளைப் பாகமே வேலை செய்வதையும் 1996-ல் கண்டார்கள். இதில் பாவமெங்கே, புண்ணியமெங்கே?

பிறவிக் கண்புரைக்குச் சிகிச்சை தாமதித்தால், பின்னால் வரும் பார்வை கூர்மை குறைந்தே நிற்கும். மதுரையில் 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கின்றது. கண்மலருக்கு ஆகும் காசு பஸ் கட்டணத்துக்குப் போதாதா என்றுதான் கேட்கின்றோம்.