9ஆ, 45ஆ? ஒரு தோட்டாச் சண்டை

அமெரிக்காவில் தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "எந்த காலிபர் நல்லது?" என்றுதான். காலிபர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். குண்டின் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 எம்.எம். கட்சி ஒரு பக்கம், .45 கட்சி மறுபக்கம். கிட்டத்தட்ட ரஜினியா கமலா சண்டைதான்!

.45 கட்சியின் வாதம் எளிது. பெரிய குண்டு, பெரிய ஓட்டை, ஆள் உடனே விழுவான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு குண்டுகளின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். இப்படிப்பட்ட சின்ன வித்தியாசத்துக்காக எஃப்.பி.ஐ.யே ஏறக்குறைய முப்பது வருடம் சுற்றி அலைந்திருக்கிறது.

1986 ஏப்ரல் 11. மயாமியில் இரண்டு கொள்ளையர்களை எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மடக்கினார்கள். சண்டை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்குள் இரண்டு அதிகாரிகள் பலி, ஐந்து பேருக்குக் காயம். கொள்ளையர்களும் செத்தார்கள். சண்டையின் ஆரம்பத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 எம்.எம். குண்டு, இதயத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான்.

பழி 9 எம்.எம். மேல் விழுந்தது. எஃப்.பி.ஐ. 10 எம்.எம்.முக்குப் போனது. அது கையில் பலமாக உதைக்கிறது என்று வேகத்தைக் குறைத்தார்கள். குறைந்த வேகத்துக்கு அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று 1990ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் .40ஐ இறக்கின. போலீஸ் துறைகள் வரிசையாக அதற்கு மாறின, எஃப்.பி.ஐ.யும் மாறியது. கடைசியில் 2014ல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே சொன்னது: 9 எம்.எம். போதும்!

இத்தனை அலைச்சலில் உருப்படியாகக் கிடைத்தது ஒரு அளவுகோல். உடம்பின் தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டு 12 அங்குலமாவது உள்ளே போக வேண்டும், 18ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. இடைப்பட்ட வருடங்களில் குண்டு தயாரிப்பு முன்னேறியதால் இன்றைய நல்ல 9 எம்.எம். தற்காப்புத் தோட்டா இதில் தேறிவிடுகிறது. அதற்காக எந்தச் சின்னத் தோட்டாவும் போதும் என்று அர்த்தமில்லை. 12 அங்குலம் எட்டாத குட்டிப் பிஸ்டல் தோட்டாக்களும் விற்பனையில் இருக்கின்றன.

அளவுகோலைத் தாண்டிய பிறகு, காலிபரை விடக் குறிதான் முக்கியம். சினிமாவில் வருவது போல எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஆளைத் தூக்கி எறிவதில்லை. மூளையிலோ தண்டுவடத்திலோ பட்டால்தான் உடனே சாய்வான். மற்றபடி ரத்தம் போய் மயங்கும் வரை அவனால் எதுவும் செய்ய முடியும். உதை குறைந்தால் அடுத்த குண்டைச் சீக்கிரமாகவும் சரியாகவும் சுடலாம். 9 எம்.எம். தோட்டா விலையும் குறைவு. அதே பணத்துக்கு அதிகம் பயிற்சி எடுக்கலாம். துப்பாக்கி ஒருமுறைச் செலவு, பயிற்சி தொடர் செலவு. பட்ஜெட் போடும்போது பலர் மறப்பது இரண்டாவதைத்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் உள்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. 12 அங்குலம் ஜெலட்டினைத் துளைக்கும் குண்டுக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. திருடனை நிறுத்தி, சுவரிலும் நின்றுவிடும் காலிபர் என்று ஒன்று கிடையாது. குறி தவறிய குண்டு அடுத்த அறைக்குப் போகும். அங்கே தூங்குவது சொந்தக் குழந்தையாக இருக்கலாம்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் தன்னையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இருட்டில், கை நடுங்கும்போது, எந்தத் துப்பாக்கியால் குறி தவறாமல் சுட முடியும்? அதற்குப் பதில் இல்லாதவர் கையில் 9ம் ஒன்றுதான், 45ம் ஒன்றுதான்.