பச்சை மீன் கற்பித்த பாடம்

சிங்கப்பூரில் 2015 ஆம் ஆண்டு வைத்தியசாலைகளுக்கு வந்த நோயாளர்கள் பலரின் குருதியில் ஒரே வகைக் கிருமி காணப்பட்டது. பி வகை ஸ்ரெப்ரோகொக்கஸ் எனப்படும் அந்தப் பற்றீரியா வைத்தியர்களுக்குப் புதியதல்ல. நலமானவர்களின் குடலிலும் தீங்கின்றி வாழும் அது, பிறந்த குழந்தைகளையும் முதியோரையும் நீரிழிவு நோயாளர்களையுமே பெரிதும் தாக்குவது வழக்கம். ஆனால் இம்முறை வேறு நோயேதுமற்ற, நடுத்தர வயதினரும் பாதிக்கப்பட்டமையே கவலையை ஏற்படுத்தியது. சிலருக்கு மூளை மென்சவ்வழற்சியும் மூட்டுத் தொற்றும் ஏற்பட்டன.

கஞ்சியுடன் பரிமாறப்பட்ட பச்சை மீன் துண்டுகளே காரணம் என்பது பின்னர் புலனாகியது. நோயாளர்களிடமும் மீன்களிடமும் பெறப்பட்ட கிருமிகளின் மரபணுத் தொடரை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றேயெனத் தெரியவந்தது. ஏழு மரபணுக்களின் வேறுபாடுகளைக் கொண்டு இக்கிருமிகள் உப வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் 283 ஆவது வகையே குறைந்தது 146 பேரைத் தாக்கியிருந்தது. பெருந்தலைக் கெண்டை, விரால் இன மீன்களைப் பச்சையாக விற்பதை நிறுத்துமாறு அவ்வாண்டு யூலையில் கேட்கப்பட்ட உணவுக் கடைக்காரர்களுக்கு, டிசெம்பரில் நன்னீர் மீன்கள் அனைத்தையும் பச்சையாகப் பரிமாறுவது தடைசெய்யப்பட்டது.

இக்கிருமி சிங்கப்பூரில் திடீரெனத் தோன்றியதல்ல என்பதே இங்கு நாம் கவனத்திற் கொள்ள வேண்டிய விடயமாகும். சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளை ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று, தாய்லாந்திலும் லாவோஸிலும் வளர்ந்தோரிடம் பெறப்பட்ட மாதிரிகளில் பெரும்பாலானவை இவ்வகையினவே எனக் காட்டியது. அதாவது, அங்கு பல ஆண்டுகளாக மக்கள் இத்தொற்றுக்கு ஆளாகி வந்துள்ளனர். வகை பிரித்தறியும் வசதி இல்லாமையால் அது பெயரற்ற காய்ச்சலாகவே கடந்து சென்றுள்ளது. 2021 ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் இதே வகை மீண்டும் தலைதூக்கியபோது, நன்னீர் மீனைக் கையாள்வதாலும் தொற்று ஏற்படலாம் என்ற எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

செல்வந்த நாடொன்றில் சில மாதங்களில் கண்டறியப்பட்ட உண்மை, வறிய கிராமங்களில் பல ஆண்டுகளாக மறைந்திருந்தமைக்குக் கிருமி பொறுப்பல்ல. குருதி வளர்ப்புப் பரிசோதனையும் கிருமியின் வகையை அறியும் ஆய்வுகூடமும் ஆடம்பரம் என்ற எண்ணமே பொறுப்பாகும். பெனிசிலினுக்குக் கட்டுப்படும் ஒரு நோயினால் மனிதர் மரணிப்பது, மருந்தின்மையால் அன்றி, நோய் இன்னதென அறியாமையாலேயே என்றால் அதனை விதியென ஏற்றுக்கொள்ள முடியாது.

மீனை நன்கு வேகவைத்து உண்பதும், மீன் வெட்டும்போது கையில் காயமிருப்பின் அதனை மூடிக்கொள்வதும், பின் கைகளைக் கழுவுவதும் எவராலும் செய்யக்கூடியவை. ஆனால் எந்த மீனில் எந்தக் கிருமி உள்ளதென்பதைத் தனிமனிதர் அறிய முடியாது. அது அரசுகளின் கடமை. அடுத்த நோய்ப்பரவல் வரும்வரை அக்கடமையைப் பிற்போடுவது மக்களின் உயிரோடு விளையாடுவதாகவே அமையும் என்பதை நாம் வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம்.