ரத்த செல்களுக்கும் வயசாகும்... யாருக்கு ரிஸ்க், என்ன செய்யலாம்?

நரைக்கு டை அடிக்கலாம், மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கலாம். ஆனால், எலும்பு மஜ்ஜைக்குள் நடக்கும் ஒரு வயது மாற்றம் கண்ணுக்கும் தெரியாது, வலிக்கவும் செய்யாது.

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள்தான் நம் ரத்தத்தின் தாய் செல்கள். சிவப்பணுக்கள் மட்டுமே தினமும் சுமார் 20,000 கோடி உற்பத்தியாகின்றன. ஸ்டெம் செல்கள் பிரியும்போது மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்வது இயல்பு. பெரும்பாலானவற்றால் பாதிப்பில்லை. சில பிழைகள் மட்டும் அந்த செல்லுக்குக் கூடுதல் தெம்பு கொடுத்துவிடும். அது மற்ற செல்களை முந்திக்கொண்டு பெருகும். இதற்கு 'க்ளோனல் ஹீமடோபொயசிஸ்' என்று பெயர்.

40 வயதுக்குள் இது அரிது. 70 வயதைத் தாண்டியவர்களில் 10 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பதை 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வுகள் காட்டின.

புற்றுநோயா இது?

இல்லை. இந்த மாற்றம் உள்ள 100 பேரில், ஆண்டுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே ரத்தப் புற்றுநோய் வருகிறது. அதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது இதயத்தை. மாரடைப்பு போன்ற இதய ரத்தக்குழாய் நோய்க்கான ஆபத்து இவர்களுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு என்கிறது 2017-ல் வெளியான ஆய்வு. மாறிப்போன வெள்ளையணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டுவது இதற்கு ஒரு காரணம்.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

* வயது: முதல் காரணம் இதுதான். மாற்ற முடியாதது.

* புகை: சிகரெட் பிடிப்பவர்களிடம் 'ஏஎஸ்எக்ஸ்எல்1' என்ற மரபணுவின் பிழை அதிகம் காணப்படுகிறது. நம் கையில் இருக்கும் மிக முக்கியமான காரணம் இதுவே.

* நச்சுத் தூசு: நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளில் பணியாற்றிய தீயணைப்பு வீரர்களிடம் இந்த மாற்றம் அதிகம் இருப்பது 2022-ல் தெரியவந்தது.

* கீமோ, கதிர்வீச்சு சிகிச்சை: இவற்றைத் தாக்குப்பிடிக்கும் பிழையுள்ள செல்கள், சிகிச்சைக்குப் பிறகு பெருக வாய்ப்புண்டு.

* முன்கூட்டிய மெனோபாஸ்: 40 வயதுக்குள் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.

சிகிச்சை எடுத்தவர்கள் பயப்பட வேண்டுமா?

கோட்டூர்புரத்திலிருந்து காந்தி மண்டபம் சாலை வழியாக சர்தார் படேல் சாலைக்கு வந்தால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் உருவானது. அங்கே சிகிச்சை பெற்று, குணமாகி, பேரக்குழந்தைகளைக் கொஞ்சும் பலர் நம் குடும்பங்களிலேயே இருப்பார்கள். 'அப்போ கீமோ எடுத்தது தப்பா?' என்ற கேள்வியே வேண்டாம். உயிரைக் காப்பாற்றிய சிகிச்சை அது. அதன் நன்மை இந்த ரிஸ்க்கைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால், 'அதான் குணமாயிடுச்சே' என்று ஃபாலோ-அப்பை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

இதற்கான மரபணுப் பரிசோதனை, அறிகுறி இல்லாத எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை. மாற்றத்தை அழிக்கும் மருந்தும் இப்போதைக்கு நடைமுறையில் இல்லை. எனவே, மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் இதையும் சேர்த்துப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

செலவு குறைந்த 'சிபிசி' ரத்தப் பரிசோதனையே நல்ல தொடக்கம். ஹீமோகுளோபின், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் காரணமின்றிக் குறைந்துகொண்டே போனால், 'வயசானா அப்படித்தான்' என்று சத்து டானிக்கோடு நிறுத்தாமல் ரத்தநோய் நிபுணரைப் பாருங்கள். முன்பு கீமோ, கதிர்வீச்சு எடுத்திருந்தால் எந்த டாக்டரிடமும் அதை மறைக்காதீர்கள். பி.பி, சர்க்கரை, கொழுப்பைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால், நிறுத்த உதவுங்கள்.

இன்னொரு நிம்மதியான செய்தி... வாழும் காலத்தில் ரத்த செல்லில் ஏற்படும் இந்தப் பிழை, பிள்ளைகளுக்குப் போகாது.