அடுத்தவர் வயலில் நடப்பது

இங்கிலாந்தில் ஒரு சட்டம் உண்டு. பொதுப்பாதை போகிற வயலில் பத்து மாதம் தாண்டிய காளையை அவிழ்த்துவிடக் கூடாது. ஹோல்ஸ்டீன், ஜெர்சி மாதிரி கறவை இனமென்றால் எந்தச் சாக்கும் செல்லாது. கறிக்கு வளர்க்கும் இனமாக இருந்து, பசுக்களோடோ கிடேரிகளோடோ சேர்த்து விட்டிருந்தால் குற்றமில்லை. குடும்பத்தோடு நிற்கும் காளை சாந்தமாக இருக்கும் என்று 1981இல் சட்டம் இயற்றியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள் போலும். எதிரே நிற்பது என்ன இனம், கூட நிற்பவை பசுக்கள்தானா என்று வேலியோரம் நின்று பார்த்து முடிவெடுப்பது நடக்க வந்தவர் பாடு.

யார்க்‌ஷயரில் மாலம் என்ற ஊரைச் சுற்றி நடக்கக் கிளம்பிய அன்று என் மகள் சொன்ன விஷயம் இது. லீட்ஸிலிருந்து ஸ்கிப்டன் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஊரில் தொடங்கி அருவி, மலை இடுக்கு, ஏரி, செங்குத்துப் பாறை என்று வளைந்து ஊருக்கே திரும்பும் வட்டப்பாதை. சுமார் 13 கிலோமீட்டர். “கிரிவலத்தைவிட ஒரு கிலோமீட்டர் கம்மிதாம்மா” என்று ஆசை காட்டினாள். அங்கே தார்ச்சாலை, இங்கே ஆட்டுப் புழுக்கை என்பதைச் சொல்லவில்லை.

ஊரைத் தாண்டியதும் பாதை நேராக ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்துக்குள் நுழைகிறது. நுழைவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கல்சுவரில் ஆள் மட்டும் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். மனிதர் புகலாம், ஆடு புகாது. கொஞ்சம் பருத்தவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் சுவரிலேயே நீளக் கற்களைத் துருத்தி வைத்து ஏணிப்படி மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். கேட் இருந்தால், திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போக வேண்டும். இரண்டு பக்கமும் கருப்பு முகமும் வெள்ளை மூக்கும் சுருண்ட கொம்புமாக ஸ்வேல்டேல் ஆடுகள். எந்த ஆடு யாருடையது என்று தெரிய முதுகில் வண்ணம் பூசியிருந்தது. நம் கிடைக்காரர்கள் செய்வதேதான்.

கையிலிருந்த அரசு வரைபடத்தில் இந்தப் பாதைகள் பச்சைப் புள்ளிக்கோடாகத் தெரிந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொதுவழி இருக்கிறது. 1949இல் வந்த சட்டம் ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் எல்லைக்குள் உள்ள பாதைகளைக் கணக்கெடுத்துப் படமாக்க வேண்டும் என்றது. அந்தப் படத்தில் ஏறிவிட்ட பாதை நிலம் கைமாறினாலும் மாறாது. உழுதால் மறுபடி நடக்கும்படி சமன் செய்துதர 14 நாள் கெடு. படத்தில் இல்லாத பாதையிலும் மக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுவழி என்று வாதாடலாம்.

அந்த 20 ஆண்டுக் கணக்கு நம்மிடமும் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் சொல்வது அதுதான். ஆனால் அது பக்கத்து நிலத்துக்காரர் தன் நிலத்துக்குப் போய்வரும் உரிமை. கிரயப் பத்திரத்தில் “ஆள், வண்டி, கால்நடை போகவர மாமூல் தடப் பாத்தியம்” என்று எழுதுகிறோமே, அது. சும்மா காற்று வாங்க நடக்கிறவருக்கு அதில் இடமில்லை. அந்தத் தடமும் எத்தனை நாள் தங்கும்? புலப்படத்தில் வண்டிப்பாதை என்று கோடு இருக்கும். நிலத்தில் வாழை நிற்கும்.

இங்கிலாந்திலும் இந்த நடக்கும் உரிமை தானாக வரவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, மாலமுக்குத் தெற்கே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கூடி, நில உடைமையாளர்களின் வேட்டைக்காட்டுக்குள் வேண்டுமென்றே நுழைந்தார்கள். காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. பென்னி ராத்மன் என்ற இளைஞர் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 33 ஆண்டு கழித்து அதே ஏப்ரல் 24 அன்று, 1965இல், பென்னைன் வே என்ற நீண்ட நடைபாதையை இந்த மாலம் மேட்டில்தான் திறந்து வைத்தார்கள். எனக்கு வைக்கம் போராட்டம் ஞாபகம் வந்தது. அது 1924. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கத்தான் அங்கே சிறைக்குப் போனார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மான்செஸ்டர்காரர்கள் கேட்டது ஞாயிற்றுக்கிழமைக் காற்றை. வைக்கத்தில் கேட்டது மனிதன் என்ற அந்தஸ்தை. ஆனாலும் யார் எங்கே கால் வைக்கலாம் என்பதை நிலத்தை வைத்திருப்பவர் ஒருவரே முடிவு செய்துவிட முடியாது என்று இரண்டு இடத்திலும் நடந்தே காட்டினார்கள்.

ஜேனட்ஸ் ஃபாஸ் சின்ன அருவி. ஆடுகளை ஒரு காலத்தில் அதன் அடியில் உள்ள குட்டையில்தான் குளிப்பாட்டினார்களாம். சுற்றிலும் காட்டுப்பூண்டு பூத்து, காடு முழுக்க ரசம் தாளித்த வாசனை. அதைத் தாண்டி கோர்டேல் ஸ்கார். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப்பாறை தலைக்கு மேல் சாய்ந்து நிற்கும் இடுக்கு. ஓவியர் ஜேம்ஸ் வார்டு 200 ஆண்டுகளுக்கு முன் இதை ஏறத்தாழ 14 அடி அகலத் திரையில் வரைந்தார். படம் லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. படத்தில் பாறை நிஜத்தைவிடக் கருத்து மிரட்டுகிறது. எனக்கு நிஜமே போதும். அருவியின் ஓரமாகக் கையூன்றித்தான் மேலே ஏற வேண்டும்.

மேலே மேய்ச்சல் வெளி, அதன் நடுவே மாலம் டார்ன் என்ற ஏரி. ஏரியிலிருந்து வழியும் ஓடை கொஞ்ச தூரம் ஓடி, கற்களுக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. தெற்கே, மாலம் கோவ் என்ற சுமார் 80 மீட்டர் உயரப் பாறையின் காலடியில் ஒரு ஓடை பிறக்கிறது. இரண்டும் ஒரே தண்ணீர் என்று நெடுங்காலம் நம்பினார்கள். சாயம் கலந்து பார்த்தபோது ஏரித் தண்ணீர் ஊருக்கும் தெற்கே வேறொரு ஊற்றில் எட்டிப் பார்த்தது. கோவின் உச்சியிலிருந்து தண்ணீர் விழுவதை உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை என்றிருந்தது. 2015 டிசம்பர் புயல் மழையில் சில மணி நேரம் விழுந்தது.

கோவின் தலையில் பாறை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஹாரி பாட்டர் படத்தில் வரும் இடம் என்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெடிப்புகளுக்குள் எட்டிப் பார்த்தேன். அத்தனையிலும் பெரணி, பச்சைப்பசேலென்று. வெளியே ஒரு செடி இல்லை. ஆட்டின் வாய் அங்கெல்லாம் எட்டிவிடும். காலையிலிருந்து இயற்கை அழகு என்று நான் மெச்சிக்கொண்டு வந்த அந்த மொட்டைப் பசுமை ஆடுகள் மேய்ந்து மேய்ந்து செய்து வைத்த வேலை. அவற்றை ஓட்டிவிட்டால் இங்கே மரம் வந்துவிடும் என்று ஒரு கட்சி, ஆடு போனால் ஊரே போய்விடும் என்று ஒரு கட்சி. பாதைக்காரர்களும் ஆட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் சும்மா விட்டதில்லை. ஆனால் 2001இல் கோமாரி வந்து நாடு முழுக்க வயல்பாதைகளை மூடியபோதுதான், நடக்க வருகிறவர்கள் இல்லாமல் விடுதிகளும் டீக்கடைகளும் எப்படிக் காயும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

போகிறவர்கள் அருவிப் பக்கமிருந்தே தொடங்குங்கள். மாலம் கோவ் உச்சியிலிருந்து இறங்கச் சுமார் 400 படிகள் கட்டியிருக்கிறார்கள். முட்டி வலிக்கும், அவ்வளவுதான். எதிர்த்திசையில் வந்தால் கோர்டேலில் ஈரப்பாறை வழியாக இறங்க வேண்டியிருக்கும். முந்தின நாள் மழை என்றால் எந்தத் திசையிலும் அங்கே ஏறவோ இறங்கவோ வேண்டாம், சுற்றிப் போக வேறு பாதை இருக்கிறது. பஸ் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நிறைய பஸ் கிடையாது.