பெயரைச் சுருக்கிப் பொருளைத் தொலைக்காதீர்!



"தரவுத்தளத்தில் பெயர்கள் குறுகியே இருத்தல் வேண்டும். நீண்ட பெயருக்கு இடமளித்தால் ஒழுங்கு கெடும்" எனக் கணினி கற்ற நண்பர் ஒருவர் அண்மையில் எனக்கு அறிவுரை கூறினார். இதனை என்னால் ஏற்க இயலவில்லை.

பள்ளியில் முன்பிருந்த ஆசிரியர் ஒருவர் அமைத்த மாணவர் தரவுத்தளத்தில் 'மா_வ' என்றொரு பத்தி இருந்தது. அவர் மாற்றலாகிச் சென்றுவிட்டார். மாணவர் வருகையா? மாத வருமானமா? யாருக்கும் தெரியவில்லை. வருமானம் என்றே கருதி உதவிநிதிக்குப் பட்டியல் எடுத்தோம். நாள் தவறாமல் பள்ளிக்கு வந்த ஏழைப் பிள்ளைகள் 'வசதி படைத்தோர்' ஆகிக் கடைசிக்குப் போயினர்! எவருடைய வருமானமும் 200 வெள்ளியைத் தாண்டாதது கண்டு அலுவலக எழுத்தர் ஐயுற்றதால் பட்டியல் அனுப்பப்படாமல் தப்பியது.

சுருக்கச் சொல்லும் அளவு எல்லா மொழிக்கும் ஒன்றன்று என்பதையும் நண்பர் மறந்துவிட்டார். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 12.1 பதிப்பு வரை ஒரு பெயருக்கு 30 பைட் மட்டுமே. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூனிகோடின் யூ.டி.எப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'மாணவர்' நம் பிள்ளைகளுக்கு நான்கெழுத்து. கணினிக்கோ 18 பைட். 'மாணவர்_வருகை' 34 பைட். அப்போதே எல்லை கடந்தாயிற்று! 'ஸ்டூடன்ட் அட்டென்டன்ஸ்' என்பதை இடையில் அடிக்கோடிட்டு ஆங்கிலத்தில் எழுதினால் 18 பைட்தான். பிறகு, "தமிழ் கணினிக்கு ஒத்துவராது" என்பார்கள். ஒத்துவராதது தமிழா, அந்த எல்லையா?

12.2 பதிப்பில் ஆரக்கிள் அதனை 128 பைட்டாக உயர்த்தியது. அதற்கும் விலை உண்டு, மறுக்கவில்லை. பெயர் 30-ஐத் தாண்டாது என நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்கள் நீண்ட பெயரைக் கண்டதும் பிழை காட்டும். போஸ்ட்கிரஸ் 63 பைட்டோடு நிற்பதற்கும் காரணம் உண்டு: ஒவ்வொரு பெயருக்கும் 64 பைட் நிலையாக ஒதுக்குகிறது, கூட்டினால் நினைவகம் வீணாகும். அதைவிட, மிஞ்சியதை ஓர் அறிவிப்போடு அது வெட்டிவிடுவதுதான் எனக்கு அச்சந்தருகிறது. தொடக்கம் ஒன்றாய் உள்ள இரு நீண்ட பெயர்கள் ஒரே பெயராகி மோதும்.

ஆனால், நிரலைத் திருத்த நிரலர் இருக்கிறார். தவறிய பட்டியலைத் திருத்த அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்?

எங்கள் பத்தியின் பெயர் இப்போது 'மாணவர்_வருகை_நாள்'. 47 பைட். போஸ்ட்கிரசில் தாராளமாய் அடங்குகிறது.