கடனாளியிடம் முன்கட்டணம்: யாருடைய சுதந்திரம்?

அமெரிக்க மாநிலங்கள் கடன் மேலாண்மை நிறுவனங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியதால்தான் அங்கே கடனில் தவிப்பவர்களுக்கு உதவ ஆளில்லாமல் போனது, அந்தத் தவறை இந்தியா செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். உரிமச் செலவு சிறு நிறுவனங்களை விரட்டுமாம். ஒப்பந்தம் என்பது இருவரின் விருப்பமாம். மோசமான நிறுவனம் பெயர் கெட்டுத் தானாக ஒழியுமாம். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது, ஏமாந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வாதம் நிற்காது. கடன் தீர்வு நிறுவனம் வாடிக்கையாளரிடம் முதலில் சொல்வது இதுதான்: கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டாதீர்கள், அந்தப் பணத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள், கொஞ்சம் சேர்ந்ததும் வங்கியோடு பேரம் பேசிக் கடனைக் குறைக்கிறோம். ஆனால் முன்கட்டணம் வாங்கும் நிறுவனத்தில் முதலில் சேரும் பணம் கட்டணமாகப் போய்விடும். வங்கியோ அபராதமும் வட்டியும் ஏற்றி வழக்குப் போடும்; தீர்ப்பு வந்தால் பல மாநிலங்களில் சம்பளத்திலேயே பிடித்தம். பேரமே நடக்கவில்லை என்று தெரியவரும்போது வருடங்கள் ஓடியிருக்கும். சரக்கு சரியில்லை என்றால் மறுநாள் வேறு கடைக்குப் போக இது மளிகைக்கடை இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, அதுவும் நெருக்கடியில் வந்து நிற்பவரிடம் சந்தை எந்தப் பாடத்தை எதிர்பார்க்கிறது?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, 2010-இல் தன் ஆட்களைக் கடனாளிகள் போல 20 நிறுவனங்களுக்குத் தொலைபேசச் செய்தது. 17 நிறுவனங்கள் கடனைத் தீர்ப்பதற்கு முன்பே கட்டணம் கேட்டன. அதே ஆண்டு அக்டோபரில், தொலைபேசி வழியே விற்கப்படும் கடன் தீர்வுச் சேவைக்கு முன்கட்டணம் வாங்குவதைக் கூட்டாட்சி வணிக ஆணையம் தடை செய்தது. கட்டுரையாளர் "விரட்டப்பட்ட உதவி" என்று வருந்துவது எதற்காக என்று இப்போது புரியும்.

பெயர் கெடுவது தண்டனை என்கிறாரே, அமெரிடெட் கதையைப் படிக்கட்டும். லாபநோக்கற்ற அமைப்பு என்று விளம்பரம் செய்து, வாடிக்கையாளரின் முதல் மாதத் தவணையை "நன்கொடை" என்று எடுத்துக்கொண்ட நிறுவனம் அது. 2003-இல் வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது, 2006-இல் சமரசம். ஏமாந்தவர்களுக்குத் திரும்பி வந்தது, இழந்ததில் சிறு பகுதிதான். அதன் நிறுவனர் ஆண்ட்ரிஸ் புக்கே மீது 2018-இல் அதே ஆணையம் மறுபடி வழக்குப் போட்டது, இம்முறை பெலீஸ் நாட்டு மனை விற்பனை மோசடிக்காக. கெட்ட பெயர் அவரைத் தடுக்கவில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவது நிஜமான தொல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் 2005-இல் சீரான மாதிரிச் சட்டம் ஒன்று எழுதப்பட்டது: பதிவு, பிணைத்தொகை, வாடிக்கையாளர் பணத்துக்குத் தனி அறக்கட்டளைக் கணக்கு. சில மாநிலங்களே அதை ஏற்றன. அப்படியென்றால் மற்ற மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? உரிமமே வேண்டாம் என்பது எந்த நியாயம்? ஒப்பந்தச் சுதந்திரம் என்ற வாதமும் பழையது. கன்சாஸ் மாநிலம் இத்தொழிலை வழக்கறிஞர்களுக்கு மட்டும் ஒதுக்கியபோது, 1963-இல் ஃபெர்குசன் எதிர் ஸ்க்ரூபா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது.

விதியில் ஓட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. நேரில் சந்தித்து விற்றால் முன்கட்டணத் தடை பொருந்தாது. ஸ்ட்ராட்எஃப்எஸ் குழுமம் நோட்டரி ஒருவரை வாடிக்கையாளரிடம் அனுப்பிக் கையெழுத்து வாங்கி, அதையே நேரடிச் சந்திப்பு என்று காட்டியதாகக் குற்றம் சாட்டி, நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் ஏழு மாநிலங்களும் 2024 ஜனவரியில் வழக்குத் தொடுத்தன.

நம் ஊரிலும் லோன் செட்டில்மென்ட் செய்கிறோம், வசூல் ஏஜென்ட் தொல்லையை நிறுத்துகிறோம் என்று மாதக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் வந்துவிட்டன. கடன் கொடுக்கும் வங்கிக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. இவர்களுக்கென்று தனி உரிமச் சட்டம் இல்லை. சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று பதிவானால் அடுத்த கடன் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கடனாளிக்குச் சொல்லியாக வேண்டாமா? கட்டுரையாளர் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: வேலை முடிந்த பிறகே கட்டணம் என்ற விதியால் நஷ்டப்படும் நேர்மையான நிறுவனம் எது?